சாய்ந்த படமும் மறைந்த முகமும்

விழா மலருக்கெனப் பழைய படங்களைத் திரட்டும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தமிழாசிரியர் ஒருவருக்கும் படத்தொழிலுக்கும் யாது உறவு என்று நாம் கேட்கவில்லை; கேட்டிருத்தல் வேண்டும். செய்யுளிற் சீர் பிரிக்கவும் கட்டுரையிற் பிழை திருத்தவும் பயிற்றப்பட்டோமேயன்றிக் கணினியிற் படந் திருத்துதற்கு ஆசிரிய கலாசாலையில் எமக்கு எவரும் கற்பித்திலர். ஆயினும் மாணவர் இருவரை எமக்கு ஆசிரியராகக் கொண்டு, ஆறு மாத காலம் மாலைவேளைகளில் அவ்வித்தையிற் சிறிது பயின்றோம். பயின்றதை இங்கே எழுதுகின்றோம். தத்தம் வீட்டுச் சுவரிலும் பெட்டியின் அடியிலும் பழைய படங்களைப் பேணிவைத்திருக்கும் அன்பர்கட்கு இது பயன்படக்கூடும்.

எம்மை இவ்வித்தைக்குள் இழுத்தது ஒரேயொரு படம். அறுபதுகளின் தொடக்கத்தில், உயர்வகுப்பு மாணவரும் ஆசிரியரும் மண்டபத்தின் முன்னே மூன்று வரிசையாக இருந்தும் நின்றும் எடுத்துக்கொண்ட படம் அது. கல்லூரியிலிருந்த பிரதி எப்போது, எவ்வாறு போயிற்று என்பதை அறிவார் இலர். மற்றொரு பிரதி கனடாவில், ஸ்காபரோவில் வாழும் பழைய மாணவர் ஒருவரிடம் இருப்பதாகத் தெரியவந்தது. அவர் முன்னர் ஹெவ்லொக் டவுனில், இப்போது நாம் குடியிருக்கும் வீட்டிலிருந்து மூன்று தெருவுக்கு அப்பால் வாழ்ந்தவர். 1983 யூலையில் அவருடைய வீடு எரிந்தது. வீட்டிலிருந்த படங்கள் யாவும் அதனோடு போயின. இந்த ஒரு படம் மட்டும் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவர் தமக்கையார் வீட்டிலே தொங்கியமையாற் பிழைத்தது. பின்னர் பல கைகள் மாறிக் கடல் கடந்து அவரிடமே சேர்ந்தது.

படத்தை ஸ்கேன் செய்து அனுப்புமாறு எழுதினோம். அது இயலாது என்றார் அவர். ஈரக்காற்றிற் பல்லாண்டு கிடந்தமையால் படத்தின் மேற்பூச்சுச் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பழைய படங்களுக்கு நேரும் பொதுவான நோய் இது. பிரித்தெடுக்க முயன்றால் முகங்கள் கண்ணாடியோடு தங்கிவிட, வெறுந் தாளே கையில் வரும். ஆதலால் மாடிப்படிக்கு மேலே தொங்கிய படத்தை, தொங்கியபடியே, அவருடைய பேத்தி கைப்பேசியிற் பிடித்து அனுப்பினாள். படிக்கட்டிற் கீழ்நின்று, இடப்புறமாக நின்று எடுத்த படம். இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் குறுகி, மேல்விளிம்பு ஒடுங்கி, அறுகோடியிலிருந்து பார்க்கும் பந்தற்சீலை போலச் சரிந்து கிடந்தது. வலப்புறத்தில் யன்னல் வெளிச்சம் கண்ணாடியிற் பட்டு நான்கைந்து பேரை வெள்ளையாக்கிவிட்டது. இவையன்றி, இரண்டாம் வரிசையில் நின்ற ஒரு மாணவரின் முகத்தைப் பூஞ்சணம் அரித்திருந்தது. சாய்வு, பளபளப்பு, அழிந்த முகம் என மூன்று குறைகள். முதலாவது முற்றத் தீர்ந்தது. இரண்டாவது பெரும்பாலும் தீர்ந்தது. மூன்றாவதன் கதை வேறு.

சாய்வை முதலில் எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தைப் புகையிரத நிலைய மேடையில் நின்று தண்டவாளத்தை நோக்கினால், எங்கும் ஒரே அகலமுடைய இரு கம்பிகளும் தூரத்தே ஒன்றையொன்று நெருங்கிச் சென்று ஒரு புள்ளியிற் கூடுவன போலத் தோன்றும். அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுதலே இதற்குக் காரணம். ஆங்கிலத்திற் பேர்ஸ்பெக்டிவ் எனப்படும் இதனை நாம் சேய்மைத் தோற்றம் என்று அழைக்கின்றோம். பழைய வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்தில் எழுந்துள்ள ஹெவ்லொக் சிற்றி மாடிகளை நிலத்தில் நின்று, கமராவை மேலே சாய்த்துப் படம் பிடிப்பவர் அவை பின்னோக்கி விழுவது போலக் காண்பர். அங்கேயும் நடப்பது இதுவே. மாடியின் அடி எமக்கு அருகில் உள்ளது. முடி தூரத்தில் உள்ளது. ஆதலால் முடி ஒடுங்குகின்றது. நேரிற் பார்க்கும்போது மாடி சாய்வதாக எவரும் அஞ்சுவதில்லை. கட்டிடம் நிமிர்ந்தது என்பதை மனம் முன்னரே அறிந்து, கண் கண்ட சாய்வைத் தானே கழித்துவிடுகின்றது. கமராவுக்கு அத்தகைய மனம் இல்லை.

இத்தோற்றத்துக்கு ஒரு கணக்கு உண்டென்பதை இத்தாலியர் பதினைந்தாம் நூற்றாண்டிலே திட்டமாகக் கண்டனர். புளோரன்ஸ் நகரத்துச் சிற்பாசாரியார் புருனெலெஸ்கி அதனைச் செய்து காட்டினார். அல்பேர்ட்டி என்பார் 1435 இல் ஓவியம்பற்றி எழுதிய நூலில் அதனை முறைப்படுத்தினார். அவர்கள் நேரானதைச் சாய்த்து வரைவதற்குக் கண்ட கணக்கையே, சாய்ந்ததை நிமிர்த்துவதற்குக் கணினி தலைகீழாகச் செய்கின்றது.

அக்கணக்கின் உள்ளீடு மிக எளிது. செவ்வகமான ஒரு படத்தை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது நாற்கோணமாகவே தோன்றும். வளைந்த கோடு ஆகாது. நேர்கோடு நேர்கோடாகவே நிற்கும். ஆகவே செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சாய்ந்த நாற்கோணத்திலும் மூலைவிட்டங்களே. அவை வெட்டும் இடமே படத்தின் உண்மையான நடு. அடிமட்டம் வைத்து அகலத்தைப் பாதியாக்கிப் பெறும் நடு அன்று. கரும்பலகையில் இதனை வரைந்து பார்க்கும் மாணவர் சற்று வியப்படைவர்; நாமும் அடைந்தோம். ஒவ்வொரு மூலைக்கும் கிடைத்தூரம், நிலைத்தூரம் என எண்கள் இரண்டு. நான்கு மூலைகட்கும் எட்டு. சாய்வை நிமிர்த்தும் சமன்பாட்டில் அறியவேண்டிய எண்களும் எட்டே. எனவே நான்கு மூலைகளும் இன்ன இடத்தில் உள்ளன என்று சொல்லிவிட்டால், எஞ்சிய ஒவ்வொரு புள்ளியும் எங்கே போய் நிற்கவேண்டும் என்பதைக் கணினி ஐயமின்றிக் கண்டுகொள்ளும்.

எம் மாணவர் பயன்படுத்தியது ஜிம்ப் என்னும் மென்பொருள். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்போல், பீற்றர் மற்றிஸ் என்னும் மாணவர் இருவர் 1995 இல் ஆக்கத் தொடங்கியது, விலையின்றிக் கிடைப்பது. பள்ளிக்கூடத்துப் பணப்பெட்டிக்கு ஏற்றது என்பதையும் சொல்லவேண்டும். அதில் பேர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, அதன் போக்கைத் திருத்தும் போக்காக மாற்றி, திரையில் தோன்றும் கட்டத்தின் நான்கு முனைகளையும் சாய்ந்த படத்தின் நான்கு மூலைகளில் வைத்து விசையை அழுத்தினால் படம் நிமிர்ந்துவிடும். போட்டோஷொப் வைத்திருப்போர் அதிலுள்ள பேர்ஸ்பெக்டிவ் கிராப் என்னுங் கருவியால் இதனையே செய்வர்.

நிமிர்ந்தது, ஆயின் முதல் முயற்சியில் ஆசிரியரும் மாணவரும் ஒரு சுற்றுப் பருத்துவிட்டனர். அதிபரோ கதிரையை நிரப்பி வழிந்தார். செவ்வகமாக்கு என்று சொன்னோமேயன்றி எவ்வளவு நீள அகலமுள்ள செவ்வகம் என்று சொல்லவில்லை. கணினி தனக்குத் தோன்றியதைச் செய்தது. மீண்டும் ஸ்காபரோவுக்குத் தொலைபேசி எடுத்து, மட்டையை விட்டுப் படத்தை மட்டும் கண்ணாடிமேல் அடிமட்டம் வைத்து அளக்குமாறு கேட்டோம். எட்டரை அங்குலம், ஆறரை அங்குலம் என்றார். அக்காலத்து ஸ்ரூடியோக்காரர் முழுத்தட்டு என்று வழங்கிய அளவு அது. அங்குலத்துக்கு 300 புள்ளியாக 2550 க்கு 1950 என்று கொடுத்தவுடன் எல்லோரும் தத்தம் உடம்புக்குத் திரும்பினர். பழைய படத்தை எவரிடமும் கேட்டு வாங்குவோர் அதன் அளவையும் கூடவே கேட்டு வாங்குதல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைப்பேசியை மிக அண்மையிற் பிடித்தால் வில்லையின் குறையால் நேர்கோடுகள் சிறிது வளையும். மேலே கூறிய கணக்கு நேர்கோடு நேர்கோடாக இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது; வளைவை அது அறியாது. நான்கு அடி பின்னே நின்று பெரிதாக்கி எடுத்தல் வேண்டும். வளைந்துவிட்டதாயின் வளைவை முதலில் நீக்கிப் பின்னரே சாய்வை நீக்கல் வேண்டும்.

இவையெல்லாம் கணினி வந்தபின் வந்தவை என்று இளைஞர் எண்ணலாம். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் படம் பிடித்த ஸ்ரூடியோக்காரரின் பெரிய கமராவில், வில்லையிருக்கும் முன்பலகை மேலும் கீழும் நகரும். கமராவைச் சாய்க்காமல் அப்பலகையை உயர்த்தி, கோபுரமாயினும் மண்டபமாயினும் நிமிர்ந்து நிற்கும்படி அவர் பிடிப்பார். அது தவறினால் இருட்டறையில், உருப்பெருக்கியின் கீழே அச்சுத்தாள் வைக்கும் பலகையை ஒரு பக்கம் உயர்த்துவார். உயர்ந்த பக்கம் ஒளிக்கு அண்மையாகி உருவம் சிறுத்து விழும்; தாழ்ந்த பக்கம் பெருத்து விழும்; சாய்வும் சாய்வும் ஒன்றையொன்று கழித்துவிடும். எட்டு எண்களின் கணக்கைப் புத்தகம் இரண்டை ஒரு பலகையின் கீழே செருகிச் செய்து முடித்தவர்கள் அவர்கள்.

அடுத்தது மறைப்பு. மாஸ்க் என்னும் இச்சொல்லை முகமூடி என மொழிபெயர்க்க எமக்கு மனம் வரவில்லை. முகமூடி பிறரை ஏமாற்ற அணிவது. இது வேறு. வாய்பாடு பாடமாக்கும் சிறுவன் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பான். கையை எடுத்தால் விடை அங்கேயே இருக்கும். கணினியில் மறைப்பும் அத்தன்மையதே. படத்தின் ஒரு பகுதியை அது காணாமற் செய்யும், இல்லாமற் செய்யாது.

இதனை விளங்க லேயர் என்பதை முதலில் விளங்கல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களை நினைத்துக்கொள்ளலாம். லேயரைப் படலம் என்று சொல்வதில் தமிழாசிரியருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. கந்தபுராணத்தைப் படலம் படலமாகப் படித்து வளர்ந்தோமல்லவா? ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு மறைப்பு இணைக்கலாம். அம்மறைப்பு வெறுங் கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை பூசிய இடத்தில் மேற்படலம் தெரியும். கறுப்புப் பூசிய இடத்தில் அது மறைந்து கீழ்ப்படலம் தெரியும். சாம்பல் பூசிய இடத்தில் இரண்டும் கலந்து தெரியும். மனம் மாறினால் கறுப்பின்மேல் வெள்ளையைப் பூசலாம். போனது திரும்பி வரும்.

இவ்வுண்மையை நாம் நூலிற் படித்து அறியவில்லை; பட்டு அறிந்தோம். மறைப்பைப்பற்றி மாணவர் சொல்லித் தருமுன், அவர்கள் வராத ஒரு மாலையில், பளபளப்பைப் போக்குவோம் என்று அழிக்குங் கருவியை எடுத்து நள்ளிரவுவரை அழித்தோம். அழித்ததை அதே கோப்பின்மேலே சேமித்தோம். காலையில் பெரிதாக்கிப் பார்த்தபோது வெளிச்சத்தோடு விஞ்ஞான ஆசிரியரின் ஒரு காதும் போயிருந்தது. திரும்பப் பெற வழியில்லை. நல்வினையாக மின்னஞ்சலில் வந்த மூலப்பிரதி இருந்தது. “சேர், மூலத்தைத் தொடக்கூடாது, பிரதியிலேதான் வேலை செய்யவேண்டும்” என்று மாணவர் சொன்னார். ஏட்டுச்சுவடி பதிப்பித்த பெரியோர் கடைப்பிடித்த நெறியும் அதுவேயன்றோ? வகுப்பில் அதனைப் பலமுறை சொல்லிக்கொடுத்த எமக்கு வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

மறைப்பும் இருட்டறையிற் பிறந்ததே. சுவீடனிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஒஸ்கார் றேய்லண்டர் என்பார், வாழ்க்கையின் இரு வழிகள் என்னும் பெரும்படத்தை 1857 இல் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களைக்கொண்டு ஆக்கினார். தாளின் ஒரு பகுதிக்கு ஒளி காட்டும்போது எஞ்சியதை மறைத்து, இவ்வாறே பகுதி பகுதியாக முடித்தார். அச்சகங்களில் மறைக்கவேண்டிய இடத்திற் சிவப்புத் தாளை வெட்டி ஒட்டுவர். அச்சுத்தொழிலிற் பயன்பட்ட படச்சுருளுக்குச் சிவப்பொளி உறைக்காது. ஆதலால் சிவப்புக் கறுப்பாகவே வேலை செய்யும். அதனூடாகத் தொழிலாளி கீழுள்ளதைக் காணவும் முடியும். இன்று கணினியில் விரைவு மறைப்பைத் திறந்தால் மறைந்த பகுதி சிவப்பாகத் தோன்றுவது ஏன் என்று மாணவரைக் கேட்டோம், அவர்க்குத் தெரியவில்லை. அது அச்சகத்துச் சிவப்புத் தாளின் நிழல். தோமஸ் நோல், ஜோன் நோல் என்னுஞ் சகோதரர் தொடக்கிய போட்டோஷொப் 1990 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. படலங்கள் அதில் 1994 இலேயே சேர்ந்தன. அவற்றின் பெயர்களும் பழக்கங்களும் அவற்றிலும் மூத்தவை.

இத்துறையில் வெளிநாட்டாரையே சுட்டிக்கொண்டிருத்தல் முறையன்று. ஹெவ்லொக் டவுனிலிருந்து சிறிது தூரத்தில், கறுவாத்தோட்டத்துக் கில்ட்போர்ட் கிரசென்டில் லயனல் வென்ட் அரங்கம் இருக்கின்றது. நாடகம் பார்க்கவும் நடிக்கவும் நம்மிற் பலர் அங்கே சென்றிருப்பர். அப்பெயருக்குரியவர் நாடகக்காரர் அல்லர். 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த நிழற்படக் கலைஞர். சட்டம் பயின்றவர், பியானோ வல்லவர், 1943 இல் தோன்றிய நாற்பத்துமூன்று குழு என்னும் ஓவியர் கூட்டத்துக்கு முன்னின்றவர், 1934 இல் வெளிவந்த சோங் ஒவ் சிலோன் என்னும் படத்துக்குக் குரல் கொடுத்தவர். படத்தை உருத்துலக்கும் வேளையிற் கணநேரம் ஒளி காட்டி, இருளும் ஒளியும் ஓரளவு இடம் மாறுமாறு அவர் செய்வார். வெவ்வேறு படங்களை ஒன்றாக இணைத்தும் செய்வார். அவருடைய மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கும். உருவத்தைச் சுற்றி ஓடும் கருங்கோட்டைக் காண்பவர் எவரும் இஃது இருட்டறையின் வேலை என்று உணர்வர். எவரையும் நம்பவைக்க அவர் முயலவில்லை. எமது படத்தை முடிக்குமுன் இவரை நாம் பலமுறை நினைத்துக்கொண்டோம்.

பளபளப்புக்கு வருவோம். வெளிச்சம் வெளுப்பாக்கிய இடத்திற் படமே பதியவில்லை. இல்லாததைக் கணினி கண்டுபிடிக்காது. மாணவருள் இளையவர் ஒரு வழி சொன்னார். கண்ணாடியில் யன்னல் தெரிவது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இடப்புறம் நின்றபோது வலப்பக்கத்தில் விழுந்த வெளிச்சம், வலப்புறம் நின்றால் வேறிடத்தில் விழும். ஆகவே இன்னொரு படத்தை எதிர்ப்புறம் நின்று எடுத்துத் தருமாறு பேத்தியைக் கேட்டோம். வந்தது. இரண்டும் வெவ்வேறு பக்கம் சரிந்தவை. இரண்டையும் தனித்தனியே நிமிர்த்தி 2550 க்கு 1950 ஆக்கினோம். பின்னர் ஒன்றைக் கீழ்ப்படலமாகவும் மற்றதை மேற்படலமாகவும் வைத்து, மேலதில் வெளிச்சம் விழுந்த இடத்துக்கு மறைப்பிட்டோம். மறைத்த இடத்திற் கீழ்ப்படலத்து முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. அறுபது ஆண்டுக்கு முந்திய அம்முகங்கள் எமது மேசையில் வெளிவந்த அவ்விரவை நாம் மறத்தற்கில்லை. இரண்டு சாய்ந்த படங்களில் எதுவும் தனியே முழுமையன்று; நிமிர்த்தாவிடில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா; மறைக்காவிடிற் பொருந்தியும் பயனில்லை.

சிறு தொல்லைகள் இருந்தன. தாள் கண்ணாடிக்குள்ளே சில இடங்களிற் புடைத்திருந்தமையால், எல்லா மூலையும் பொருந்தியபின்னும் நடுவில் மூன்று நான்கு புள்ளி விலகி நின்றது. சமதளமான பரப்புக்கு மட்டுமே எட்டு எண்களின் கணக்குச் செல்லும். மறைப்பின் விளிம்பு ஒரு முகத்தின் நடுவே சென்றவிடத்தில் அன்பர் ஒருவருக்கு மூக்கு இரண்டாயிற்று. விளிம்பை வெள்ளைச் சட்டையின்மேலோ வெறுஞ் சுவரின்மேலோ கொண்டுசென்றால் அவ்விலகல் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பை மென்மையாக்கிச் சாம்பலாக ஓடவிட வேண்டும். முகத்தைக் கடக்கவே நேர்ந்தால் அம்முகம் முழுவதையும் ஒரே படலத்திலிருந்து எடுக்க வேண்டும்.

படம் நிமிர்ந்து துலங்கியபின் ஒரு புதிய குறை கண்ணிற் பட்டது. பின்னே நின்ற மண்டபமே சற்று ஒடுங்கிச் சாய்ந்திருந்தது. அது ஸ்காபரோவில் வந்த சாய்வன்று; அறுபதுகளில் ஸ்ரூடியோக்காரர் கமராவைச் சிறிது மேலே சாய்த்ததனால் வந்தது. அதனையும் நிமிர்த்தலாம். முழுப்படத்தையும் நிமிர்த்தினால் ஓரத்தில் நின்ற மாணவர் இழுபட்டு நெடுப்பர். ஆதலின் மண்டபத்தை ஒரு படலமாக நிமிர்த்தி, மாணவரை மறைப்பாற் காத்து இன்னொரு படலமாக விடுதல் வேண்டும். மூத்த மாணவர் அரைமணி நேரத்தில் அதனைச் செய்து காட்டினார். அழகாகவே இருந்தது. ஆயினும் வேண்டாம் என்றோம். பேத்தி நின்ற படிக்கட்டால் வந்த சாய்வை நீக்க எமக்கு உரிமை உண்டு. அன்று வெயிலில் நின்று அப்படத்தைப் பிடித்தவரின் சாய்வு படத்தின் ஒரு பகுதி. இம்முடிவை மாணவர் முழுமனதோடு ஏற்றனர் என்று சொல்லமாட்டோம்.

நாம் மிகையாகத் தயங்கினோம் என்று கருதுவோர் உளராயின் இரண்டு படங்களை நினைவூட்டலாம். நேஷனல் ஜியோகிரபிக் 1982 பெப்ரவரி இதழின் அட்டையில், நிமிர்ந்த அட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகக் கீசாவின் பிரமிட்டுகள் கணினியால் நெருக்கிவைக்கப்பட்டன. பின்னர் பெருங் கண்டனம் எழுந்தது. மற்றது கொடிது. ஸ்டாலினோடு கால்வாய்க்கரையில் நின்ற நிக்கொலாய் யெஷோவ் 1940 இற் கொல்லப்பட்டார். அவர் நின்ற இடம் பின்னர் வெளிவந்த அதே படத்தில் வெறும் நீராயிற்று. அது மறைப்பன்று, அழிப்பு.

இனி அந்த முகம். பூஞ்சணம் அரித்த இடம் இரண்டு படத்திலும் ஒன்றே. மூலத்திலேயே முகம் இல்லை. கழுத்துப்பட்டி இருந்தது, ஒரு காதின் பாதி இருந்தது. 2023 ஆம் ஆண்டிலிருந்து போட்டோஷொப்பிற் புதிய வசதி ஒன்று உண்டு. வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டினால் செயற்கை நுண்ணறிவு சுற்றிலும் உள்ளதைப் பார்த்து அங்கே ஏற்றதொன்றை வரைந்து நிரப்பும். மாணவருள் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் அதனைச் செய்து கொண்டுவந்தார். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, சிறிது புன்முறுவல், அக்காலத்துக்கேற்ற மீசைத் தடம். ஒட்டுத் தெரியவில்லை. நாமும் சற்று மயங்கினோம் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. முழுப்படமும் குறையின்றி மலரில் வரும் என்ற ஆசையினால் அதனை ஸ்காபரோ அன்பருக்கு அனுப்பினோம். என்ன செய்தோம் என்பதை எழுதவில்லை.

மறுநாள் இரவு தொலைபேசி வந்தது. “படம் நல்லாய் வந்திருக்கு. ஆனால் ரெண்டாம் வரிசையில, எனக்குப் பக்கத்தில நிக்கிற இது ஆர், மாஸ்டர்?” என்றார். நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர் அங்கே நின்றவர் தம்முடைய நெருங்கிய நண்பர் என்றும், கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து படித்தவர் என்றும், காலமாகிப் பல ஆண்டாயிற்று என்றும், அவருடைய முகம் நினைவில் மங்கிவருவதனாலேயே இப்படத்தைக் கழற்றாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். “அவன் சிரிக்கமாட்டான். போட்டோ எண்டால் முறைச்சுக்கொண்டுதான் நிற்பான்” என்றார்.

அன்றிரவே அம்முகத்தை நீக்கினோம். படலமாக இருந்தமையால் நீக்குதல் ஒரு விசையழுத்தே. எவருடையதும் அல்லாத ஒரு முகத்தைப் பார்த்துப் பார்த்து, அதையே தம் நண்பன் முகமாக அம்முதியவர் நினைவிற் கொண்டிருப்பாராயின், அவரிடம் எஞ்சியிருந்ததையும் நாமே அழித்தவராவோம்.

நண்பருடைய தங்கையார் இன்றும் கொட்டாஞ்சேனையில் இருப்பதை விசாரித்து அறிந்து, விழாக்குழு அன்பர் ஒருவருடன் சென்றோம். தபால்முத்திரை அளவிலான அடையாள அட்டைப்படம் ஒன்றை அவ்வம்மையார் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். வேலைக்குச் சேர்ந்த காலத்துப் படம். நேரே முறைத்துப் பார்க்கும் முகம். அதனை வெட்டி, சற்று இளமையாக்கி, அரித்த இடத்திற் பொருத்தலாம் என மூத்த மாணவர் கருதினார். ஆனால் குழுப்படத்தில் வெயில் இடப்புறமிருந்து விழுகின்றது. அட்டைப்படத்தில் விளக்கு நேரே விழுகின்றது. ஒளியையும் மாற்றவேண்டும், வயதையும் மாற்றவேண்டும், தலையின் திருப்பத்தையும் மாற்றவேண்டும். மாற்றி முடித்தபின் எஞ்சுவது எவருடைய முகம்?

நமது பழைய குழுப்படங்களைப் பார்த்தோர் அறிவர்: படம் பிடித்த நாளில் வராதவரின் முகத்தை மேல்மூலையில் ஒரு முட்டைவடிவக் கட்டத்துக்குள் தனியே வைத்து அச்சிடுவது ஸ்ரூடியோக்காரர் வழக்கம். அவர் இங்கே நின்றார் என்று அது சொல்வதில்லை. நமக்குரியவர், இன்று இங்கே இல்லை என்றே சொல்கின்றது. அதுவும் ஒரு மறைப்பே. முட்டைவடிவத்துள் வெள்ளை, வெளியே கறுப்பு. அதனையே செய்தோம். அரித்த இடத்தை அரித்தபடியே விட்டோம். வலது மேல்மூலையில் அட்டைப்படத்து முகம் இருக்கின்றது. மென்மையாக்காத விளிம்பு, ஒட்டு நன்றாகவே தெரியும். கீழே, இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாமவர் மேலே தனியே காட்டப்பட்டுள்ளார் என்று ஒரு வரி சேர்த்தோம். அச்சுப்படியைப் பார்த்த ஸ்காபரோ அன்பர், இம்முறை யாரென்று கேட்கவில்லை.

நிமிர்த்திய இரு படங்களும், படலங்களும் மறைப்புகளும் பிரியாமல், வந்தபடியே உள்ள மூலப்பிரதிகளோடு நூலகத்துக் கணினியில் வைக்கப்பட்டுள்ளன. அதே படத்தின் இன்னொரு பிரதி எங்கேனும் இருத்தல் கூடும். பூஞ்சணம் வேறிடத்தை அரித்திருக்கும். அவ்வாறாயின் அதன்மேல் மற்றொரு படலத்தை வைக்க இடமுண்டு. வைத்திருக்கும் அன்பர்கள் அதனைச் சட்டத்திலிருந்து கழற்ற முயலவேண்டா. விளக்கை அணைத்து, நான்கடி பின்னே நின்று, இடப்புறத்தில் ஒன்றும் வலப்புறத்தில் ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து, நீள அகலத்தை அங்குலத்திற் குறித்து அனுப்பினாற் போதும்.